அறவியலும் அதன் பிரிவுகளும்

மக்களாய்ப் பிறந்தார் யாவரும், கற்றவராயினும் கல்லாதவராயினும், நன்று தீது என்னும் இரு சொற்களை நாடோறும் வழங்காமல் இரார். அங்காடியில் நிறை குறைத்து விற்பவனைத் தீயவன் என்கிறோம். வழியில் மயங்கி வீழ்ந்தானை எடுத்து நீர் கொடுப்பவனை நல்லவன் என்கிறோம். இங்ஙனம் தீர்ப்புக் கூறுதல் யார்க்கும் எளிது. ஆயின், ‘அதனைத் தீதென்று எங்ஙனம் அறிந்தாய்? எவ்வளவுகோல் கொண்டு அளந்தாய்?’ என ஒருவன் நம்மை வினவுவானாயின், நம்மிற் பெரும்பாலார் விடை கூற மாட்டாது தயங்குவோம். அவ்வினாவை நெகிழவிடாது பற்றி, முறைப்பட ஆராய்ந்து, விடை காண முயலும் கல்வித்துறையே அறவியல் எனப்படுவது.

ஒழுக்கமுடைமை வேறு, ஒழுக்கத்தைப் பற்றிய ஆராய்ச்சி வேறு. இலக்கணம் கல்லாதாரும் தம் தாய்மொழியைப் பிழையின்றிப் பேசக் காண்கின்றோம். அதுபோல, அறவியல் நூலொன்றையும் கையால் தொடாதவர் அறத்தின்வழி நிற்றலும் உண்டு. அங்ஙனமாயின் இக்கல்வியாற் பயன் யாதெனின், கூறுதும். ஒரு சொற்றொடர் சரியோ பிழையோ என ஐயம் எழுந்தவிடத்து நாம் இலக்கணத்தை நாடுகின்றோம். ஒரு செயல் தக்கதோ தகாததோ என நல்லோர் இருவர் தம்முள் மாறுபடுமிடத்து அறவியலை நாட வேண்டுவதாகும். மாறுபாடு இல்லாதவிடத்து அதற்கு வேலை இல்லை. உள்ளவிடத்து அதனையன்றி வேறு துணையும் இல்லை.

அறத்தைப் பகுத்து உணரும் முயற்சி தமிழுக்குப் புதிதன்று. திருக்குறளுக்கு உரை வகுத்த பரிமேலழகர் அறத்தை ஒழுக்கம், வழக்கு, தண்டம் என மூன்றாகப் பகுத்தார். அவரவர் தத்தம் நிலைக்கு உரிய நெறியில் வழுவாது நிற்றல் ஒழுக்கம். ஒரு பொருளை எனது எனது என்று கொண்டு இருவர் மாறுபடுதல் வழக்கு. நெறி தவறியவரை ஒறுத்தல் தண்டம். இது அறத்தின் பொருளைப் பகுத்த பகுப்பு. இக்காலத்து மேனாட்டறிஞர் கொண்ட பகுப்போ வேறு வகையது. அவர் பகுத்தது அறத்தைப் பற்றி நாம் எழுப்பும் வினாக்களை. வினாக்கள் நால்வகைப்படுதலின் அறவியலும் நான்கு பிரிவினதாயிற்று. அவை, மக்கள் எதனை அறமெனக் கொள்கின்றனர் என ஆராயும் விவரண அறவியல், எதனைக் கொள்ளல் வேண்டும் என ஆராயும் விதி அறவியல், அறம் என்னும் சொல்லுக்குப் பொருள்தான் யாது என ஆராயும் மூல அறவியல், குறிப்பிட்ட தொழிலிலும் துறையிலும் அறத்தைப் பொருத்திக் காணும் செயன்முறை அறவியல் என்பன.

இப்பெயர்களை மட்டும் மனப்பாடஞ் செய்து பரீட்சையில் எழுதிவிடுதலால் யாதொரு பயனும் இல்லை. ஆதலின், நம் நாட்டில் நிகழ்ந்த மெய்ந்நிகழ்ச்சி ஒன்றை எடுத்துக்கொண்டு, இந்நான்கு பிரிவுகளும் அதனை எங்ஙனம் வினவுகின்றன என்பதை முறையே காண்போம்.

தாது வருஷப் பஞ்சமும் ஒரு ராத்தல் கூலியும்

1876-ஆம் ஆண்டில் பருவமழை பொய்த்தது. சென்னை மாகாணத்திலும், மைசூர், ஐதராபாத், பம்பாய்ப் பகுதிகளிலும் கொடும் பஞ்சம் தோன்றி 1878 வரை நின்றது. தமிழ் மக்கள் இதனைத் தாது வருஷப் பஞ்சம் என்று இன்றும் நினைவு கூருவர். பிரிட்டிஷ் ஆட்சிக்கு உட்பட்ட பகுதிகளில் மட்டும் மாண்டவர் தொகை 50 இலட்சத்துக்கு மேற்பட்டதென மதிப்பிடப்பட்டுள்ளது. உடல்வலி உடையார்க்கு வேலை கொடுத்துக் கூலி வழங்குதலும், இல்லாதார்க்குக் கஞ்சி வார்த்தலும் சர்க்கார் மேற்கொண்ட துயர் தீர்ப்பு முறைகளாம். சென்னை நகரினூடே செல்லும் பக்கிங்ஹாம் கால்வாயின் பகுதி, 1877–78-இல், பசித்து வந்த இம்மக்களின் கையால் வெட்டப்பட்டதேயாகும். அப்போது கவர்னராயிருந்த பிரபுவின் பெயரே அதற்கு இடப்பட்டது. வெட்டினவர் பெயர் ஒன்றேனும் அதன் கரையில் இல்லை.

1877-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், வைசிராய் லிட்டன் பிரபு, சர் ரிச்சர்டு டெம்பிள் என்பாரைப் பஞ்சப் பகுதிகளைப் பார்வையிட அனுப்பினார். இவர் 1874-இல் பீகார்ப் பஞ்சத்தின்போது பர்மாவிலிருந்து பெருமளவு அரிசி தருவித்து மக்களைக் காத்தவர். பட்டினியால் இறந்தார் அப்போது மிகச் சிலரே. ஆயினும் பொருளை அளவின்றிச் செலவிட்டார் என்று அவர்மீது கடும்பழி எழுந்தது. சென்னைக்கு வந்த டெம்பிள் வேறொரு மனிதராக வந்தார் எனலாம். நாள் முழுதும் வேலை செய்யும் ஆடவன் ஒருவனுக்கு ஒரு ராத்தல் தானியமும், அதனோடு சிறு காசுமே கூலியாதல் போதும் என்றும், பெண்டிர்க்கும் சிறுவர்க்கும் அதனினும் குறைவே போதும் என்றும், இதனை முயன்று பார்க்கலாம் என்றும் அவர் கருதினார். அக்கூலி ‘டெம்பிள் கூலி’ என்றே பெயர் பெற்றது.

சென்னை மாகாணத்தின் சுகாதார அதிகாரியாயிருந்த டாக்டர் கார்னிஷ் இதனை எதிர்த்தார். இவர் மாகாணத்து மக்களின் உணவு வகைகளை முன்னரே ஆராய்ந்து எழுதியிருந்தவர். மண் வெட்டிச் சுமப்பவனுக்கு ஒன்றரை ராத்தல் தானியமும், அதனோடு பருப்பும் காய்கறியும் வேண்டும் என்பது அவர் துணிபு. வாதம் வளர்ந்தது. வேலைத்தலங்களில் மக்கள் மெலிந்தனர். அவ்வாண்டிலேயே சென்னை சர்க்கார் படியை ஒன்றேகால் ராத்தலும் சிறிது பருப்புமாக உயர்த்தினர்.

ஒரு ராத்தலுக்கும் ஒன்றரை ராத்தலுக்கும் இடையே உள்ள அவ்வரை ராத்தலே இனி நம் ஆராய்ச்சிக்குப் பொருள்.

1. விவரண அறவியல்

முதற்பிரிவு, மக்கள் எவ்வெவற்றை நன்றென்றும் தீதென்றும் கொண்டுள்ளனர் என்பதை உள்ளவாறே கண்டு உரைப்பது. அது தீர்ப்புக் கூறாது, சான்று மட்டுமே கூறும். வரலாறு, சமூகநூல், உளநூல் ஆகியவை இதற்குத் துணை. பின்லாந்து நாட்டறிஞர் வெஸ்டர்மார்க் என்பார் பல நாட்டு மக்களின் ஒழுக்கக் கொள்கைகளைத் திரட்டி 1906–08-இல் இரண்டு பெருந் தொகுதிகளாக வெளியிட்டார். இத்துறையில் அது குறிப்பிடத்தக்கது.

நாம் எடுத்துக்கொண்ட நிகழ்ச்சியில் இப்பிரிவு எவற்றைக் கூறும்? அக்காலத்து அதிகாரிகளிற் பலர், உதவி எளிதிற் கிடைப்பின் மக்கள் சோம்பித் திரிவர் என நம்பினர். தானிய வாணிகத்தில் சர்க்கார் தலையிடலாகாது என்பதை அவர் ஒரு பொருளாதார விதியாக மட்டுமன்றி ஒழுக்க விதியாகவும் கொண்டிருந்தனர். மறுபுறத்தில், குடிகளைப் பசியினின்று காத்தல் கோலுடையார்க்குக் கடன் என்பது நம் மக்களின் நெடுநாளைய கொள்கை. பொதுவிடத்திற் சமைத்த உணவை வாங்கி உண்ணுதல் தம் குலத்துக்கு இழுக்கு என எண்ணிக் கஞ்சித்தொட்டிக்கு வர மறுத்து மெலிந்தாரும் இருந்தனர். இவையெல்லாம் உள்ளபடி அறியத்தக்க செய்திகள். இவற்றை அறியாமல் பஞ்ச நிவாரணம் செய்யப் புகுந்தவர் இடர்ப்பட்டனர்.

ஆயின், இப்பிரிவின் எல்லையையும் நாம் மறத்தலாகாது. பலர் ஒன்றை நன்றென்று கொண்டனர் என்பதனால் அது நன்றாகிவிடாது. அடிமை வாணிகத்தைப் பல நாட்டாரும் நூற்றாண்டுகளாக ஏற்றிருந்தனர். அங்ஙனம் ஏற்றமை வரலாறு. அது தக்கதென்பதற்குச் சான்றன்று. ஸ்காட்லாந்து நாட்டு மெய்ந்நூலாசிரியர் ஹ்யூம் 1739–40-இல் வெளியிட்ட பெருநூலில் இதனையே சுட்டிக்காட்டினார். ‘இங்ஙனம் உளது’ என்னும் கூற்றுக்களை எத்துணை அடுக்கினும், அவற்றினின்று மட்டும் ‘இங்ஙனம் செயல் வேண்டும்’ என்னும் முடிவு பிறவாது என்பதே அவர் கருத்தின் சாரம். இந்த இடைவெளியை நாம் நன்கு மனத்துட் கொள்வோமாக. பின்னர் இதற்கு வேலை உண்டு.

2. விதி அறவியல்

இரண்டாம் பிரிவே அறவியலின் நடுவிடம். யாது செயல் வேண்டும், எத்தகையராய் வாழ்தல் வேண்டும் என்பதை இது வினவும். இதற்கு விடை கூறுவார் மூன்று வழியினர்.

பயனை நோக்குவார் முதல் வழியினர். செயலின் நன்மையும் தீமையும் அதன் விளைவில் உள்ளன என்பது இவர் கொள்கை. 1789-இல் நூல் வெளியிட்ட பெந்தமும், அவர்க்குப்பின் ஜான் ஸ்டுவர்ட் மில்லும் இதன் தலைவர்கள். மில் 1823 முதல் 1858 வரை லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலகத்தில் வேலை பார்த்தவராதலின், இக்கொள்கைக்கும் இந்திய ஆட்சிக்கும் தொடர்பு உண்டு. யாவர்க்கும் விளையும் இன்பதுன்பங்களை எண்ணி, மிகுதியான நன்மை பயக்கும் செயலைச் செய்க என்பது இதன் விதி. எண்ணுமிடத்து ஒருவர் துன்பம் மற்றொருவர் துன்பத்தின் குறைந்ததாகாது. வைசிராயும் கூலிக்காரனும் இக்கணக்கில் ஒவ்வொருவரே.

டெம்பிளின் சார்பில் பேசுவார், ‘இன்று பொருளைக் காத்தால் நாளை வரும் பஞ்சத்துக்கு உதவும்’ எனப் பயன்நெறியையே துணைக்கழைப்பர். கணக்கை நேர்மையாகப் போடின் யாது விளையும்? மிச்சமாகிய பணம் ஒரு தட்டில், மாண்ட உயிர்கள் மறு தட்டில் நிற்கும். தராசு எப்பக்கம் தாழும் என்பதற்கு விடை வேண்டுவதன்று. இந்நெறியின் இடர்ப்பாடு வேறிடத்தில் உளது. கணக்கிடுவோன் ஒருவன், பசிப்போன் மற்றொருவன். மேலும், மிச்சமாகிய பணம் ஏட்டில் எழுதப்படும். தடுக்கப்பட்ட மரணம் எந்த ஏட்டிலும் எழுதப்படுவதில்லை. 1874-இல் மக்கள் மாளாமையால், செலவெல்லாம் வீண் என்றே பலர்க்குத் தோன்றிற்று. நோய் வாராமற் காத்த மருத்துவனுக்கு, ‘நோயே இல்லையே, மருந்து எதற்கு?’ என்று கூலி மறுத்ததுபோல ஆயிற்று. பயனை எண்ணுவோர் கண்ணுக்குப் புலனாகாத பயனையும் எண்ணக் கற்றல் வேண்டும்.

கடமையை நோக்குவார் இரண்டாம் வழியினர். ஜெர்மானியப் பேரறிஞர் காண்ட் 1785-இல் வெளியிட்ட நூலில் இதனை நிறுவினார். மனிதனை எக்காலத்தும் பிறிதொன்றுக்குக் கருவியாக மட்டும் கொள்ளலாகாது, அவனே குறிக்கோளாகவும் மதிக்கத் தக்கவன் என்பது அவர் விதிகளுள் ஒன்று. இதனைக் கொண்டு நோக்கின், ஒரு ராத்தல் கூலியின் குற்றம் மரணத் தொகையில் மட்டும் இல்லை. ஓர் உடல் எவ்வளவு குறைவான உணவில் நிற்கும் என்பதைப் பசித்தவன் உடலிலேயே, அவன் உடன்பாடின்றி, முயன்று பார்க்க எண்ணியதே குற்றம். ஒருவரும் மாளாதிருப்பினும் அக்குற்றம் நீங்காது. விளைவுக் கணக்கு காணத் தவறும் ஒன்றை இந்நெறி காட்டுதல் காண்க.

இவ்வழியை ஒட்டி, அமெரிக்க அறிஞர் ராவ்ல்ஸ் 1971-இல் ஒரு சூழ்ச்சி கூறினார். சமூக விதிகளை வகுப்போர், அச்சமூகத்தில் தாம் எந்நிலையில் இருப்போம் என்பதை அறியாதவராக வைத்து எண்ணுக என்பது அது. வைசிராயாவேனோ, வேலைத்தலத்தில் மண் சுமப்பேனோ என்று அறியாதவன் கூலியை எவ்வளவு என வகுப்பான்? வாசகர்கள் தாமே எண்ணிக் காண்க.

எனினும் கடமை நெறிக்கும் ஓர் இடர்ப்பாடு உண்டு. கடமைகள் தம்முள் மோதும். மேலதிகாரியின் ஆணைக்கு அடங்குதல் அலுவலன் கடமை. தன்னை நம்பி வந்த மக்களைக் காத்தலும் அவன் கடமை. இரண்டும் ஒருங்கே நிறைவேறாதவிடத்து எதனை விடுவது? கார்னிஷ் பதவியைத் துறக்கவில்லை, வாய்மூடி இருக்கவும் இல்லை. தம் பதவியில் நின்றே, தம் துறையின் சான்றுகளைக் கொண்டு வாதாடினார். மோதும் கடமைகளுக்கிடையே அது ஒரு வழி. ஆனால் அதனை விதிகளைப் பார்த்துக் கண்டுகொள்ள முடியுமோ என்பது ஐயமே.

குணத்தை நோக்குவார் மூன்றாம் வழியினர். ‘யாது செய்வது’ என்பதற்கு முன் ‘எத்தகையவன் ஆவது’ என வினவுக என்பர் இவர். கிரேக்கப் பேரறிஞர் அரிஸ்டாட்டில் இதற்கு முதலாசிரியர். நெடுங்காலம் பின்தங்கியிருந்த இவ்வழி, ஆன்ஸ்கோம் என்னும் ஆங்கிலப் பெண் அறிஞர் 1958-இல் எழுதிய கட்டுரைக்குப்பின் மீண்டும் தலையெடுத்தது. நற்குணம் என்பது இரு மிகைகளுக்கு நடுவே நிற்பது என்றும், பொருளை வழங்குதலில் ஊதாரித்தனம் ஒரு பக்கத்துக் குற்றம், உலோபம் மறுபக்கத்துக் குற்றம், நடுவே நிற்பதே வள்ளன்மை என்றும் அரிஸ்டாட்டில் கூறினார்.

டெம்பிளை இவ்வளவைகொண்டு நோக்குவோம். அவர் சோம்பர் அல்லர், கடுமையாய் உழைத்தவர். 1874-இல் ஊதாரி என்று பழிக்கப்பட்டார். அப்பழி மீண்டும் வாராமை வேண்டி 1877-இல் மறு கோடிக்கு ஓடினார். உண்மையில் அவர் முன்பு செய்ததே நடுநிலைக்கு அண்மையது. பிறர் பழிக்கு அஞ்சியவன் தன் குணத்தின் நடுவிடத்தை எளிதில் இழப்பான் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று காண்டல் அரிது. இதற்கு எதிராக, அதே பஞ்சத்தில் மாயூரம் வேதநாயகம் பிள்ளை தம் பொருளைப் பசித்தோர்க்கு ஈந்து புகழ் பெற்றார். நீதிநூல் என்னும் செய்யுள் நூலை 1859-இல் இயற்றிய அவர், தாம் பாடிய நீதியைப் பஞ்சம் வந்தபோது கைவிட்டிலர். கணக்கும் விதியும் பார்த்து ஈந்தார் என்பதினும், ஈதல் அவர்க்கு இயல்பாயிருந்தது என்பதே பொருந்தும். திருவள்ளுவரும் அறத்துப்பாலில் ஈகையையும் நடுவு நிலைமையையும் தனித்தனி அதிகாரங்களாக வைத்தமை, குணத்தின் வழியே அறத்தைக் காணும் நோக்கு நமக்கும் உரியதென்பதை உணர்த்தும்.

ஆயினும், ஒருவர் ஈகையால் ஓர் ஊர் பிழைக்கலாம், ஒரு மாகாணம் பிழையாது. மாகாணத்தைக் காக்கக் கணக்கும் வேண்டும், விதியும் வேண்டும். ஆகவே மூவழியினரும் ஒருவர் விட்டதை ஒருவர் நிரப்புகின்றனர். ஒருவரையே முற்றும் நம்புதல் தகாது.

3. மூல அறவியல்

மூன்றாம் பிரிவு மாணாக்கர் பலர்க்குக் கடினமாகத் தோன்றும். வினாவை விளங்கிக்கொண்டால் அச்சம் நீங்கும். ‘ஒரு ராத்தல் கூலி தீது’ என்று நாம் சொன்னோம். ‘ஒரு ராத்தல் என்பது நாற்பது தோலாவுக்குச் சற்றே குறைந்தது’ என்றும் சொல்லலாம். பின்னதைத் தராசில் இட்டு மெய்யோ பொய்யோ என அறியலாம். முன்னதை எத்தராசில் இடுவது? ‘தீது’ என்னும் சொல் உலகில் உள்ள ஒரு பொருளைக் குறிக்கின்றதா, நம் மனத்தின் வெறுப்பை வெளியிடுகின்றதா, அல்லது யாரோ ஒருவர் இட்ட கட்டளையைத் தெரிவிக்கின்றதா? இதுவே மூல அறவியலின் வினா.

கட்டளை என்பார்க்குப் பழங்காலத்திலேயே பிளேட்டோ ஒரு வினா விடுத்தார். தேவர் விரும்புவதனால் ஒன்று நன்றாகின்றதா, அன்றி, நன்றாயிருப்பதனால் தேவர் அதனை விரும்புகின்றனரா என்பதே அது. கேம்பிரிட்ஜ் அறிஞர் மூர் 1903-இல், நன்மை என்பது வேறொன்றாக விரித்துரைக்க இயலாத தனிப்பண்பு என்றார். மஞ்சள் நிறத்தைக் காணாதவனுக்குச் சொற்களால் விளக்க முடியாதவாறு போல, நன்மையும் உணரப்படுவதேயன்றி இலக்கணம் கூறப்படுவதன்று என்பது அவர் கருத்து. 1936-இல் ஏயர் என்பார் இதனை மறுத்து, அறக்கூற்றுக்கள் மெய்யும் அல்ல பொய்யும் அல்ல, உள்ளத்து உணர்ச்சியின் வெளிப்பாடே என்றார். 1977-இல் மாக்கி என்பார், அறக்கூற்றுக்கள் உலகில் உள்ள ஒன்றைக் கூறுவனவாகவே அமைந்தன, ஆனால் அங்ஙனம் ஒன்று உலகில் இல்லை என்றார்.

ஏயர் கூறியது உண்மையாயின், டெம்பிளும் கார்னிஷும் ஒருவரை ஒருவர் மறுத்தவர் ஆகார், வேறுவேறு உணர்ச்சிகளை வெளியிட்ட இருவர் ஆவர். இது பொருந்துமோ என நாம் ஐயுறலாம். ஏயர் இதற்கும் விடை வைத்துள்ளார். மக்கள் அறத்தைப் பற்றி வாதிடுவதாக எண்ணுமிடத்துப் பெரும்பாலும் உண்மைச் செய்திகளைப் பற்றியே வாதிடுகின்றனர் என்பது அவர் விடை. நம் நிகழ்ச்சியில் இது பெரிதும் ஒக்கும். எவ்வளவு உணவு ஓர் உடலுக்கு வேண்டும் என்பதே அவ்விருவர் வாதத்தின் பெரும்பகுதி. ஆயினும் அவ்வாதம் தீர்ந்த பின்னும் எஞ்சி நிற்பது ஒன்று உண்டு. அதனை இறுதியிற் காண்போம்.

மூல அறவியலின் வினாக்கள் இன்னும் முடிவுறவில்லை. அவை முடிவுறும்வரை அறஞ்செய்யாது காத்திருப்போம் என்று ஒருவன் கூறின், எண் என்பது யாதென முடிவாகும்வரை கடனைத் திருப்பேன் என்பானோடு அவன் ஒப்பாவான்.

4. செயன்முறை அறவியல்

நான்காம் பிரிவு, மருத்துவர், வழக்கறிஞர், வணிகர், பொறியியலார், ஆட்சியாளர் ஆகியோர் தத்தம் தொழிலில் எதிர்ப்படும் இடர்ப்பாடுகளை எடுத்து ஆராய்வது. இருபதாம் நூற்றாண்டில், சிறப்பாக இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், இது பெரிதும் வளர்ந்தது. ஜெர்மனியில் நாஜி மருத்துவர் சிறைப்பட்டோர்மீது செய்த கொடுஞ் சோதனைகள் விசாரிக்கப்பட்டபோது, 1947-இல் நியூரம்பர்க் விதிகள் வகுக்கப்பட்டன. சோதனைக்கு உட்படுவோன் தானாக மனமுவந்து இசைதல் இன்றியமையாதது என்பது அவற்றுள் முதலாவது.

இவ்விதியின் வலியை அறிய ஓர் ஒப்புமை காட்டுவோம். 1944–45-இல் அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்னும் அறிஞர், பட்டினி உடலையும் மனத்தையும் எங்ஙனம் வருத்துகின்றது என்பதை ஆராய்ந்தார். போரிற் கொலைத்தொழில் செய்ய மனச்சான்று இடந்தராது என்று மறுத்த இளைஞர் 36 பேர், போரால் பசித்திருக்கும் மக்களுக்குப் பயன்படட்டும் என்று தம் உடலைத் தாமே தந்தனர். 24 வாரங்கள் அவர்கள் அரைப்பட்டினி கிடந்தனர். உடல் நிறையிற் கால்பங்கு அளவு இழந்தனர். பசியைப் பொறுத்தமட்டில் இவர்க்கும் 1877-இன் வேலைத்தலத்து மக்களுக்கும் வேறுபாடு பெரிதன்று. அறத்தைப் பொறுத்தமட்டில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. இவர் இசைந்து பசித்தனர். அவரை ஒருவரும் கேட்டிலர்.

பஞ்சத்தைப் பற்றியே செயன்முறை அறவியலார் பலவாறு ஆராய்ந்துள்ளனர். 1971-இல் கிழக்கு வங்காளத்தில் மக்கள் பட்ட துயரை முன்னிட்டு, பீட்டர் சிங்கர் என்பார் 1972-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பசித்தவன் தொலைவில் இருக்கின்றான் என்பதால் நம் கடன் குறையாது என்பது அவர் வாதம். அமர்த்தியா சென் 1981-இல் வெளியிட்ட நூலில், 1943-இன் வங்கப் பஞ்சம் முதலியவற்றை ஆராய்ந்து, நாட்டில் உணவு இருந்தும் அதனைப் பெறும் ஆற்றல் இன்மையாலேயே மக்கள் மாளுதல் கூடும் எனக் காட்டினார். முன்னவர் கடமையைக் காட்டினார், பின்னவர் காரணத்தைக் காட்டினார். காரணம் அறியாத கடமையுணர்ச்சி தவறான இடத்தில் உதவியைக் கொட்டும். கடமையுணர்ச்சி இல்லாத காரண அறிவு ஏட்டளவில் நிற்கும்.

தாது வருஷப் பஞ்சமும் ஒரு படிப்பினையை விட்டுச் சென்றது. 1880-இல் சர் ரிச்சர்டு ஸ்டிரேச்சியின் தலைமையில் அமைந்த பஞ்சக் கமிஷன் அறிக்கை தந்தது. அதன்மீது 1883-இல் பஞ்ச விதிகள் வகுக்கப்பட்டன. பஞ்சம் தோன்றும் குறிகள் எவை, யார்க்கு எவ்வுதவி, எவ்வளவு கூலி என்பன முன்னரே எழுதி வைக்கப்பட்டன. ஓர் அதிகாரியின் மனப்போக்குக்கு விட்டிருந்ததை எழுத்து வடிவான விதியாக்கியதே செயன்முறை அறத்தின் பயன்.

நான்கும் கூடுமிடம்

இனி, முன்னர் எஞ்ச விட்டதைக் கூறி முடிப்போம். டெம்பிளுக்கும் கார்னிஷுக்கும் நேர்ந்த வாதத்தில் இரண்டு வினாக்கள் பின்னிக் கிடந்தன. உழைக்கும் ஓர் உடலைத் தாங்க எவ்வளவு உணவு வேண்டும் என்பது முதலாவது. இது மருத்துவத்துக்கு உரியது. இதில் கார்னிஷ் கூறியதே சான்றுடையது. உறுதியாகத் தெரியாதவிடத்து, தவறு நேரின் அதன் கேட்டை யார் தாங்குவது, கருவூலமா, கூலிக்காரன் உடலா என்பது இரண்டாவது. இது எந்த மருத்துவ நூலாலும் தீராது. இஃது அறவினா.

டெம்பிளின் பிழை கணக்கில் மட்டும் இல்லை. அவர் இரண்டாம் வினாவுக்கு விடை கூறிவிட்டு, முதல் வினாவுக்கு விடை கூறியதாகவே பிறர்க்குக் காட்டினார். ‘ஒரு ராத்தல் போதும்’ என்பது உண்மைச்செய்தி போல ஒலித்தது. அதனுள்ளே, ‘போதாமற் போயின் நட்டம் அவர்களுக்கு ஆகுக’ என்னும் ஒரு தீர்ப்பு ஒளிந்திருந்தது. அத்தீர்ப்பை வெளிப்படையாகச் சொல்லியிருப்பின் அதற்கு இசைவார் சிலரே ஆவர். ஹ்யூம் சுட்டிய இடைவெளியை மறைத்து ஒருவர் பாலம் கட்டும்போது, அப்பாலத்தின்மேல் நடந்து இறப்பவர் வேறொருவராய் இருத்தலும் கூடும்.

இதனாலேயே பிரிவுகளை அறிந்திருத்தல் வேண்டும் என்கிறோம். மாணவ நண்பர்களே! நீங்கள் நாளை அலுவலகங்களிலும், மருத்துவமனைகளிலும், பள்ளிகளிலும், வாணிக நிலையங்களிலும் அமர்வீர்கள். ‘இவ்வளவு போதும்’ என்று எழுதப்பட்ட தாள் ஒன்று, உங்கள் கையெழுத்துக்காக உங்கள் மேசைக்கும் வரும். அப்போது நான்கு வினாக்களை எழுப்புவீர்களாக. இதைப் பற்றி இதற்குட்பட்டோர் உண்மையில் யாது எண்ணுகின்றனர்? பயனாலும், கடமையாலும், குணத்தாலும் நோக்க இது தக்கதா? இதில் வழங்கும் ‘போதும்’, ‘தகும்’, ‘நன்று’ என்னும் சொற்களுக்குப் பொருள் யாது? இத்தொழிலில் இதற்கென வகுத்த விதி உண்டா, இல்லையேல் வகுக்க வேண்டுமா? இவற்றை வினவிய பின்னரே எழுதுகோலை எடுப்பீர்களாக. அரை ராத்தலில் ஒரு மாகாணத்தின் உயிர் நின்றதை நினைவில் வைத்திருப்பவர்க்கு, இவ்வளவு நேரம் தாழ்த்தல் பெரிதாகத் தோன்றாது.